ஒரு குறையும் வைக்கல

அந்தப் பைய மேல வைக்காதிய டீச்சர், மடியிலயே வச்சுக்கிடுங்க. இந்த பஸ்ஸுல மேல வச்சதெல்லாம் வல்லநாடு தாண்டுறதுக்குள்ள யாரு தலையிலயாவது விழும். டீச்சர்னு சொன்னதுக்கு ஏன் சிரிக்கிய? கழுத்துல யூனிவர்சிட்டி அட்டை தொங்குது, மடியில ஃபைலு இருக்கு, பொறவு டீச்சர் இல்லாம கண்டக்டரா? பெரிய பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தாலும் எனக்கு டீச்சர்தான்.

ஃபைல் மேல எழுதியிருக்கத எழுத்துக்கூட்டி வாசிச்சுட்டேன், கோவிச்சுக்கிடாதிய. "ஆய்வு நிதி கோரும் விண்ணப்பம்." அதோடயே படுத்து எந்திரிச்சவ நான். இப்பவும் எங்க போறேன்னு நினைக்கிய? உங்க யூனிவர்சிட்டிக்குத்தான். என் கையெழுத்து வேணுமாம். ஆமா, என் கையெழுத்துத்தான். ராஜகனி, உப்பளத் தொழிலாளி, மகளிர் குழுத் தலைவி. அதுக்குக் கீழ இன்னொண்ணும் அச்சடிப்பாவ, "சமூக ஆய்வாளர்"னு. நான் எட்டாங்கிளாஸ் ஃபெயிலு. சிரிச்சிருங்க, பரவால்ல, மொதல்ல நானும் சிரிச்சவதான்.

என் கையெழுத்து கேட்ட மேடம் பேரு ஹெப்சிபா. தெரியுமா உங்களுக்கு? ஓ, நீங்க வேற டிப்பார்ட்மெண்ட்டா. நல்லதாப் போச்சு, நான் நடுவுல அவியளக் கொஞ்சம் திட்டுவேன். திட்டாம என்னால இந்தக் கதையச் சொல்ல முடியாது.

அவிய மொத மொத எங்க ஊருக்கு வந்து ரெண்டு வருசம் ஆகப் போகுது. டாக்டர்னு சொன்னதும் எங்க பொம்பளைங்க கையத் தூக்கிக்கிட்டு ஊசிக்கு வரிசையில நின்னாளுவ. ஊசி போடுற டாக்டர் இல்லையாம், படிச்ச டாக்டராம். ஊருக்குள்ள என்ன நோய் கெடக்கு, எதனால வருதுன்னு கணக்கெடுக்கிற படிப்பாம். வந்து உக்காந்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டாவ. உப்பளத்துல வேலைக்கு எறங்குனா எத்தனை தம்ளர் தண்ணி குடிப்பியன்னு.

என்னன்னு சொல்ல? நாங்க குடிக்கவே மாட்டோம் டீச்சர். குடிச்சா போகணும்லா? எங்க போக? பாத்தி பாத்தியா வெட்டவெளியாக் கெடக்கு, ஒதுங்க ஒரு உடைமரம் கெடயாது, சுத்திலும் ஆம்பளைங்க நிக்கானுவ. காலையில அஞ்சு மணிக்கு வாயக் கொப்பளிச்சுட்டு எறங்குனா, மதியம் வீட்டுக்கு வந்துதான் தண்ணி. எங்கம்மா அப்படித்தான் இருந்தா, நாங்களும் அப்படித்தான். முப்பத்தஞ்சு வயசுல காலு வீங்கும், நாப்பதுல முகம் உப்பும், பொறவு ஒருநாள் போயிருவாளுவ. உப்புக்காத்து பட்டுச் செத்தான்னு சொல்லிட்டு நாங்க மறுநாள் வேலைக்குப் போயிருவோம்.

அது உப்புக்காத்து இல்லக்கா, கிட்னின்னு மேடம்தான் சொன்னாவ. எத்தனை பேருக்குன்னு இதுவரைக்கும் யாரும் எண்ணிப் பாக்கலையாம். எண்ணாத வரைக்கும் சர்க்காரு காதுல ஏறாதாம். ஊர்ல உள்ள பொம்பளைங்க எல்லாத்துக்கும் மூணு மாசத்துக்கு ஒருதடவை ரத்தமும் நீரும் எடுத்துப் பாக்கணும், மூணு வருசம் பாக்கணும், மாசாமாசம் பெரியாஸ்பத்திரி கிட்னி டாக்டர ஊருக்கே கூட்டிட்டு வரணும். அதுக்குப் பணம்? யூனிவர்சிட்டியில கெடயாதான்னு கேட்டேன். சம்பளத்துக்கே தாளம் போடுதுக்கான்னு சிரிச்சாவ. வெளியில ஒரு நிறுவனம் இருக்காம், இந்த மாதிரி ஆராய்ச்சிக்குக் குடுக்குமாம். ஆனா ஊருக்குள்ள உள்ள ஆளும் சேந்து எழுதணும், அந்த ஆளுக்கும் மேடத்துக்குச் சமமா பேரு போடணும்னு அவிய சட்டம். அப்படித்தான் நான் ஆய்வாளர் ஆனது.

எனக்கென்ன அதுல ஆச? சொல்லுதேன். என் தங்கச்சி அமிர்தம். அமிர்தக்கனின்னு பேரு, அமிர்தம்னுதான் கூப்பிடுவோம். என்னைய விட ஆறு வயசு எளயவ. மாப்பிள்ளை கேரளாவுக்குப் போனவன் போனவன்தான். ஒரே ஒரு மக, சுகந்தின்னு. அமிர்தத்துக்கு அப்பவே காலு வீங்க ஆரம்பிச்சாச்சு. காலையில எந்திரிச்சா கண்ணு திறக்காது, அப்படி உப்பியிருக்கும். கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில செவ்வா வா, வியாழன் வா, ஸ்கேனுக்கு திருநெல்வேலி போன்னு அலைய விட்டுட்டாவ. சீட்டெல்லாம் ஒரு மஞ்சப்பையில போட்டு வச்சிருந்தா. மேடம் அந்தப் பைய வாங்கி ஒவ்வொரு சீட்டா பாத்தாவ. பாக்கப் பாக்க அவிய முகம் மாறிட்டு. மறுநாளே தன்னோட கார்லயே பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனாவ. அத நான் மறைக்கக் கூடாது. அங்க மாத்திரை குடுத்து, இனிமே அளத்துல எறங்கக் கூடாது, மாசாமாசம் வரணும்னு சொன்னாவ. ரெண்டு மாசம் போனா. பொறவு சீசன் ஆரம்பிச்சுட்டு. வேலைக்குப் போகாட்டி அடுப்பு எரியுமா? நின்னுட்டா.

அதான் மேடம் சொன்னாவ, இந்தப் பணம் மட்டும் வந்துட்டா டாக்டரே வாசலுக்கு வருவாரு ராஜகனியக்கா, மொதப் பேரு அமிர்தம் பேருதான்னு. அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் டீச்சர். எனக்குப் பேரும் வேண்டாம் புகழும் வேண்டாம். என் தங்கச்சி பேரு மொத வரியில வரணும். அவ்வளவுதான் நான் கேட்டது.

ரெண்டு மாசம் ஞாயித்துக்கிழமை தோறும் சமுதாயக் கூடத்துல உக்காந்து எழுதுனோம். மேடம் இங்கிலீஷ்ல எழுதி தமிழ்ல சொல்லுவாவ, நான் தப்பத் திருத்துவேன். வருசத்துல பத்து மாசம் வேலைன்னு போட்டிருந்தாவ. மழை பேஞ்சா பாத்தியில யாரு எறங்குவா, எட்டு மாசம்னு மாத்துங்கன்னேன். மாத்துனாவ. எட்டாங்கிளாஸ் ஃபெயிலு சொல்ல டாக்டர் எழுதுதாவ. அமிர்தம் தூணுல சாஞ்சு உக்காந்து என்னையவே பாத்துக்கிட்டிருப்பா. "யக்கா, நீ படிச்சிருந்தா கலெக்டர்தாம்க்கா"ன்னு கேலி பேசுவா. அந்த ரெண்டு மாசந்தான் நாங்க ரெண்டு பேரும் சந்தோசமா இருந்தது.

கொஞ்சம் ஜன்னல ஏத்துங்க, காத்து வரட்டும்.

நூத்திச்சொச்சம் பேரு எழுதிப் போட்டதுல ஆறே ஆறு பேர எடுத்தாவளாம், அதுல நாங்க ஒண்ணு. மேடம் போன்ல சொல்லும்போது அழுதாவ. இனி அவிய நேர்ல வந்து ஊரப் பாத்துட்டு, ஆறுல ரெண்டு பேருக்குக் குடுப்பாவளாம். போன வருசம் தை மாசம் தேதி குறிச்சாச்சு. அதுக்கு முந்தின ஒரு வாரம் மேடம் ஊருக்குள்ள காலு வைக்கக் கூடாதாம், எங்களுக்குச் சொல்லிக்குடுத்திருவாவளாம். வந்தவியளோட நாங்க பேசும்போதும் கூட இருக்கக் கூடாதாம். அப்படி ஒரு சட்டம். உள்ளது உள்ளபடி சொன்னா போதும்க்கான்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லிட்டு போன வச்சுட்டாவ.

உள்ளது உள்ளபடி. படிச்சவியளுக்கு என்ன தெரியும், சொல்லுங்க?

எனக்கு இதுல அனுபவம் உண்டு டீச்சர். ஆறு வருசத்துக்கு முன்ன எங்க குழுவுக்கு லோன் கேட்டு எழுதியிருந்தோம். பேங்க் ஆபீசர் ஊரப் பாக்க வந்தாரு. அன்னைக்கே காலையில பக்கத்து ஊரு குழுவுக்கும் போனாரு. அங்க அவளுவ காலு வலிக்கு, கண்ணு தெரியல, புருசன் குடிக்கான்னு ஒப்பாரி வச்சாளுவ. எங்க ஊர்ல? தெருவ பெருக்கி, வாசல் தெளிச்சு, கோலம் போட்டு, எல்லாரும் ஒரே மாதிரி பச்ச சேலை கட்டி வரிசையா உக்காந்தோம். என்னம்மா கஷ்டம்னு கேட்டாரு. ஒரு கஷ்டமும் இல்ல சார், நல்லா இருக்கோம்னோம். லோன் யாருக்கு வந்துது? எங்களுக்கு. அந்த ஆபீசரே என்ட்ட சொன்னாரு, நடக்க முடியாதவளுக்குக் குடுத்தா நாளைக்கு யாரும்மா கட்டுவான்னு. பணம் குடுக்கவன் புத்தி எல்லாத்துக்கும் ஒண்ணுதான். பொண்ணு பாக்க வாற அன்னைக்கு யாராவது வீட்டுச் சீக்காளியக் கொண்டு வந்து நடு வீட்டுல உக்கார வைப்பாவளா?

அதனால நான் ஒரு குறையும் வைக்கல. ஒரு வாரம் வேலைக்குப் போகாம ஊரக் கட்டி மேய்ச்சேன். ஊர்ப் பொம்பளைங்க அம்பத்திரெண்டு பேரையும் கூட்டி வச்சு சொல்லிட்டேன். எல்லாவளும் தலைக்குக் குளிச்சு, பூ வச்சு, பவுடர் போட்டு வரணும். சேலைய எறக்கிக் கட்டணும், காலு வெளிய தெரியக் கூடாது. இருமுறவ எவளும் முன்ன உக்காரக் கூடாது. முடியல கிடியலன்னு எவளாவது வாயத் தொறந்தா குழுவ விட்டே எடுத்துருவேன்னேன். நாலு பேரு ரொம்ப முடியாம கெடந்தாளுவ. மூணு பேர சொந்தக்காரங்க வீட்டுக்கு அனுப்பிட்டேன்.

நாலாவது ஆளு அமிர்தம். அவ போக மாட்டேன்னுட்டா.

அன்னைக்குக் காலையில பாக்கேன், நல்ல சேலை ஒண்ணு கட்டி, அந்த மஞ்சப்பைய கக்கத்துல வச்சுக்கிட்டு வாசல்ல உக்காந்திருக்கா. எங்கட்டி கிளம்பிட்டன்னு கேட்டேன். வாறவியட்ட சீட்டக் காட்டணும்லாக்கா, என்னைய வச்சுத்தான எழுதுனியன்னு சொன்னா. எனக்கு வந்துதே கோவம். உன் முகரையப் பாத்தா அவன் ஊசிப்போன சோத்தப் பாத்த மாதிரி ஓடிருவாண்டி, மொதல்ல காரியம் முடியட்டும், பணம் வரட்டும், பொறவு உன்னையத்தான் மொத ஆளாக் காட்டுவேன்னு சொல்லி, அந்தப் பைய வாங்கி ஆணியில மாட்டிட்டு, டிவியப் போட்டு உக்கார வச்சேன். அவ சரின்னா. எனக்கு நம்பிக்கையில்ல, எந்திரிச்சு வந்துருவாளோன்னு. வெளிய பூட்டப் போட்டு சாவிய முந்தானையில முடிஞ்சுக்கிட்டேன்.

வந்தாவ டீச்சர். டெல்லிக்காரர் ஒருத்தர், வெள்ளைக்காரம்மா ஒருத்தவிய, மெட்ராஸ் டாக்டரம்மா ஒருத்தவிய. மேடத்த தெரு முனையிலயே நிப்பாட்டிட்டாவ. பாவம், கார் பக்கத்துல அங்கயும் இங்கயும் நடந்துக்கிட்டே நின்னாவ. கூடத்துல எங்க பொம்பளைங்க உக்காந்திருந்த அழக நீங்க பாக்கணுமே. மெட்ராஸ் டாக்டரம்மாதான் தமிழ்ல கேட்டாவ. உடம்புக்கு என்ன செய்யுது உங்களுக்கெல்லாம்? ஒண்ணும் செய்யல, நல்லா இருக்கோம். வேலை செய்யும்போது தண்ணி குடிக்கிறீங்களா? குடம் குடமாக் குடிப்போம். சந்தனம்னு ஒருத்தி, எனக்குப் பக்கத்துல உக்காந்திருந்தா, ராத்திரி மூச்சு முட்டுதும்மான்னு ஆரம்பிச்சா. தொடையில ஒரு கிள்ளு கிள்ளுனேன். மூச்சு முட்டச் சிரிப்போம்னு மாத்திட்டா. கெட்டிக்காரி. எல்லாரும் சிரிச்சாவ. டாக்டரம்மாவும் சிரிச்சாவ, ஆனா கையில இருந்த பேப்பரையும் எங்களையும் மாத்தி மாத்திப் பாத்தாவ. நான் நினைச்சேன், மதிப்பு வந்துட்டுன்னு.

பொறவு தெருவப் பாக்கணும்னாவ. எல்லா வீடும் தொறந்து கெடக்கு, கோலம் போட்டிருக்கு. வெள்ளைக்காரம்மா நேரா வந்து அமிர்தம் வீட்டு வாசல்ல நின்னுட்டாவ. பூட்டத் தொட்டுப் பாத்தாவ. உள்ள ஏதோ உருளுற சத்தம் கேட்டுது, சொம்போ என்னமோ. உள்ள யாருன்னு டாக்டரம்மா கேட்டாவ. ஆளு இல்லம்மா, கோழி அடைச்சிருக்கோம்னேன்.

அவ்வளவுதான், நடந்து போயிட்டாவ. சாயந்தரம் கதவத் தொறந்தா அமிர்தம் செவத்துல சாஞ்சு உக்காந்து சிரிக்கா. "யக்கா, நல்லவேளை முட்டை கேக்கல அவிய"ன்னா. ரெண்டு பேரும் கண்ணுல தண்ணி வர சிரிச்சோம். காரியம் முடிஞ்சுட்டுட்டி, இனி நீ பொழைச்சன்னு சொல்லி அவ காலப் பிடிச்சு விட்டேன். அமுக்குன விரல் குழி அப்படியே இருந்துது.

பங்குனியில கடுதாசி வந்துட்டு. இல்லன்னு.

மேடத்துக்கு இங்கிலீஷ்ல ஒண்ணு, எனக்குத் தமிழ்ல ஒண்ணு. கூட்டாளிக்கும் தனியா எழுதணும்னு அவிய சட்டம். மேடம் நேர்ல வந்தாவ. வந்து என் வீட்டுத் தரையில உக்காந்து, டீ குடிக்காம, தம்ளரையே பாத்துக்கிட்டிருந்தாவ. நான் குதிச்சேன். என்ன கொறை வச்சோம், ஊரையே கல்யாண வீடாக்கி வச்சேனேன்னு கத்துனேன். கத்தி முடிக்கிற வரைக்கும் கேட்டுட்டு, "உங்க மேல தப்பே இல்லக்கா. நான்தான் சரியா எடுத்துச் சொல்லல. என் தப்பு"ன்னாவ. ரெண்டு தடவை சொன்னாவ. பாத்துக்கிடுங்க, வாயாலயே ஒத்துக்கிட்டாவ! பொறவு நான் விடுவேனா? எங்க ஊரு உழைப்ப எல்லாம் வீணாக்கிட்டியேன்னு மரியாத இல்லாம பேசிட்டேன். போன் வந்தா எடுக்கல. பொம்பளைங்கட்ட எல்லாம் சொல்லிட்டேன், அந்த மேடம் எழுதத் தெரியாம எழுதிக் கெடுத்துட்டான்னு.

அமிர்தத்துக்கு அதுக்குப் பொறவு வேகமா முத்திட்டு. ஆனி மாசம் பெரியாஸ்பத்திரியில பதினோரு நாள் கெடந்தா. மேடம் அங்க வந்தாவ, பெரிய டாக்டர்ட்ட எல்லாம் பேசுனாவ, ஆரஞ்சு வாங்கிட்டு வந்தாவ. நான் முகத்தத் திருப்பிக்கிட்டேன். கடைசிக்கு முந்தின நாளு மத்தியானம், அமிர்தம் என் கையப் பிடிச்சுக்கிட்டு, "யக்கா, அன்னைக்கு நான் ஒரு சத்தம் குடுத்திருக்கலாமோ"ன்னா. என்னைக்குட்டின்னு கேட்டேன். கண்ண மூடிக்கிட்டா. மருந்து வேகத்துல உளறுதான்னு விட்டுட்டேன். கடைசியா அவ என்ட்ட பேசுனது அதான். ஒரு தண்ணி குடுன்னு கேக்கல, பிள்ளையப் பாத்துக்கோன்னு கூட சொல்லல, இத ஒண்ணச் சொல்லிட்டுப் போயிட்டா. எனக்கு அதுதான் டீச்சர் தாங்கல. கடைசி வார்த்தை ஒரு அர்த்தமுள்ள வார்த்தையா இருந்திருக்கக் கூடாதா?

காரியத்துக்கும் மேடம் வந்தாவ. தெரு முனையிலயே நின்னாவ, அன்னைக்கு நின்ன அதே எடத்துல. நான் வான்னு கூப்பிடல.

இருங்க, அந்தக் கடுதாசியக் காட்டுதேன். லேமினேஷன் போட்டு வச்சிருக்கேன். ஏன்னா கேக்கிய? பணந்தான் தரலியே தவிர எங்களப் பத்தி நல்லா எழுதியிருக்காவ. இந்த வரிய வாசிங்க. "தங்கள் ஊர்ப் பெண்கள் நல்ல உடல்நலத்துடனும், போதிய குடிநீர் வசதியுடனும், சிறந்த ஒழுங்குடனும் வாழ்வதை எங்கள் குழு நேரில் கண்டு மகிழ்ந்தது." பாத்தியளா? பஞ்சாயத்து கிளார்க் வாசிச்சுட்டு நல்ல சர்ட்டிபிகேட்டுன்னாரு. கூடத்துல மாட்டலாம்னு இருந்தேன், அமிர்தம் போனதுல மனசு வரல. கீழ அந்த வரிதான் எனக்கு எரிச்சல். "தேவை மிகுந்த இடங்களுக்கு முன்னுரிமை அளிக்க வேண்டியிருப்பதால் இம்முறை உதவ இயலவில்லை." தேவை மிகுந்த எடமாம்! எங்கள விட எவனுக்குத் தேவை? ஆள் பலம் உள்ளவன் எவனோ தட்டிட்டுப் போயிட்டான்.

இப்ப மறுபடியும் ஒரு எடத்துல பணம் குடுக்காவளாம். மேடம் வீட்டுக்கு வந்து, ஒரே ஒரு தடவை நம்புங்கக்கான்னு கெஞ்சுனாவ. நான் வரவே மாட்டேன்னுதான் இருந்தேன். ஆனா சுகந்தி. அவ அம்மாவுக்குப் பதிலா அவ அளத்துல எறங்கி ஆறு மாசமாச்சு. இருவத்திமூணு வயசு டீச்சர். போன வாரம் கொலுச கழட்டி வச்சிருந்தா. ஏன்ட்டின்னு கேட்டா, காலு எறுக்குது பெரியம்மாங்கா. அத கேட்டதுலருந்து எனக்கு உறக்கமில்ல. அதான் மானத்த விட்டுட்டு கையெழுத்துப் போடப் போறேன்.

இவிய எழுதிப் போட்ட எல்லா ஊரையும் நேர்ல பாப்பாவளாம், வாற மாசம் இருவத்திரெண்டாம் தேதி எங்க ஊரப் பாக்க வாராவளாம். இந்தத் தடவை நான் ஒரு பொட்டுக் கொறை வைக்க மாட்டேன். போன தடவை தெருவுல சாக்கடை கொஞ்சம் நாறுச்சு, அதையும் மூடணும். சுகந்திய மட்டும் ரெண்டு நாளு ஏரலுக்கு அவ அத்தை வீட்டுக்கு அனுப்பிரணும். முகம் அப்படியே அம்மா முகம் மாதிரி உப்பியிருக்கு, அவிய கண்ணுல பட்டுறக் கூடாது பாருங்க.

என்ன டீச்சர்? ஏன் கையப் பிடிக்கிய?

அனுப்ப வேண்டாமா? ஏன்?

எதக் காட்டுதிய? அந்த வரிய நான் ஆயிரம் தடவை வாசிச்சாச்சு. ஆமா. நல்ல உடல்நலத்துடன். ஆமா. அதுக்கென்ன? கீழ உள்ளதா? தேவை மிகுந்த இடங்களுக்கு. அதத்தான நானே வாசிச்சேன்.

ரெண்டையும் சேத்தா?

நீங்களே வாசிங்க. எனக்குக் கண்ணு மறைக்கு. மெதுவா வாசிங்க.

அவிய நோயத் தேடியா வந்தாவ?

லோன் ஆபீசர் மாதிரி இல்லியா அவிய. திருப்பிக் கட்டுற பணம் இல்லியா அது. சீக்காளி எத்தனை பேரு இருக்கான்னு பாக்கத்தான் அவ்வளவு தூரத்துலருந்து வந்தாவளா. டாக்டரம்மா பேப்பரையும் எங்களையும் மாத்தி மாத்திப் பாத்தாவளே. பேப்பர்ல இருந்த சீக்காளிய தேடிருக்காவ. பூட்டத் தொட்டுப் பாத்தாவளே டீச்சர். என் தங்கச்சியத் தேடி வாசல் வரைக்கும் வந்தவியட்ட நான் கோழின்னு சொன்னேன்.

மேடம் இங்கிலீஷ்ல வந்தத வாசிச்சிருப்பாவ. தெரிஞ்சிருக்கும் அவியளுக்கு. என் வீட்டுத் தரையில உக்காந்து, என் தப்பு, என் தப்புன்னாவ. நான் அவியள தெருவுல நிக்க வச்சேன்.

அமிர்தத்துக்கும் தெரிஞ்சிருக்கு. உளறல டீச்சர் அவ. ஒரு சத்தம் குடுத்திருக்கலாமோன்னுதான கேட்டா. உள்ள உக்காந்து எல்லாத்தையும் கேட்டிருக்கா. கையில சொம்பு இருந்திருக்கு. அக்கா மானம் போயிரும்னு வாய மூடிக்கிட்டு இருந்திருக்கா. பொறவு என்னையச் சிரிக்கவும் வச்சா. பாவி, நீயாவது என்னைய ரெண்டு அறை அறைஞ்சிருக்கலாம்ல. மொத வரியில வர வேண்டிய பேர நானே என் கையால பூட்டிட்டேனே.

இல்ல, தண்ணி வேண்டாம். இருங்க. இந்த போன்ல பேர எடுத்துக் குடுங்க. சுகந்தின்னு இருக்கும். அதான்.

ஏட்டி சுகந்தி, பெரியம்மா பேசுதேன். பஸ்ஸுலதான் இருக்கேன். ஒண்ணுமில்ல, சளி பிடிச்சிருக்கு, அதான் கொரல் அப்படி இருக்கு. நீ ஏரலுக்குப் போகாண்டாம். ஆமா, நான்தான் போகச் சொன்னேன், இப்ப நானே சொல்லுதேன் போகாத. இருவத்திரெண்டாம் தேதி நீ கூடத்துல உக்காரணும். முன்னாலதான். எனக்கும் முன்னால. உங்கம்மா மஞ்சப்பை ஆணியில தொங்குதுலா, அத எடுத்து வை. அந்தச் சீட்டு ஒண்ணையும் கீழ போட்டுறாத. ராத்திரி மூச்சு முட்டுதுன்னு சந்தனம் சித்திய சொல்லச் சொல்லு, நான் கிள்ள மாட்டேன்னு சொல்லு. ஏன்னு கேக்காத. வந்து உன் காலப் பிடிச்சுக்கிட்டுச் சொல்லுதேன்.

பவுடர் போடாத. கேக்கா? சேலைய ஏத்திக் கட்டு. காலு தெரியணும்.